அக்கரையிலிருந்து வந்த நத்தார் மட்டை

இஞ்சாருங்க,

என் பிரியமுள்ள மனுசனுக்கு எழுதிக்கொள்வது.

உங்கள் ஆண்டுப் பூசை இன்று காலை முடிந்தது. உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாளும் நேரத்துக்குக் கோயிலுக்கு வராத ஆள்தானே நீங்கள். அந்தப் பழக்கத்தில் நானும் கதவோரத்து வாங்குப் பலகையில் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க இடம் விட்டுத்தான் இருந்தேன். கடைசியில் அந்த இடத்தில் ஒரு பொடியன் வந்து இருந்து பூசை முழுக்கப் போன் பார்த்தான்.

பங்குப் பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டுக் கீழே நாலு வரி போடுவதாகச் சொன்னார்கள். கவிதை அவர்களிடம் ஆயத்தமாக இருந்தது. பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தருவதானால் முழுப் பக்கமும் தாருங்கள், இல்லாவிட்டால் படமும் வேண்டாம் என்று சொன்னேன். தந்துவிட்டார்கள்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதில் வரும் ஒரு சங்கதியை என் மருமகள் நிலூக்காவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். அவள் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. தமிழில் நன்றாகக் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்முடைய ரொஷான் அக்கரையில், இந்தியாவில், மறியலில், சிறைக்குள் இருக்கிறான்.

பயப்படாதீர்கள், அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. கல்பிட்டி ஹாஜியாரின் பல நாள் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போனான். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய் எல்லையைத் தாண்டியது அவர்களுக்கே தெரியாது. தெரிந்த நேரம் பக்கத்தில் அந்த நாட்டுக் கப்பல் நின்றிருக்கிறது. படகோடு எல்லாரையும் கொண்டு போய்விட்டார்கள்.

ஹாஜியார் வீட்டுக்கு வந்து சொன்னபோது, வாசல் படலையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன். மனுசன் உள்ளே வரவில்லை, தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டார்.

"தங்கச்சி, பொடியன் உசிரோட இருக்கான், அல்ஹம்துலில்லாஹ். புடிச்சி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். வழக்கு முடிஞ்சா விட்டுருவாங்க."

"எப்ப முடியும், ஹாஜியார்?"

"அது அவங்கட கையில."

உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. கடல் அவனை எடுக்கவில்லையே என்று அன்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். வழக்கு என்பது எவ்வளவு நீளமான சாமான் என்று அப்போது எனக்குத் தெரியாது. தவணை போடுகிறார்கள். அந்த நாள் வந்தால் இன்னொரு நாளுக்குத் தவணை போடுகிறார்கள். அங்கே நீதவான் லீவு எடுத்தால் இங்கே எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். ரொஷான் கடலுக்குப் போனபோது நிலூக்காவுக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. இப்போது பிள்ளை குப்புறப் புரளுகிறாள். உங்கள் காதுதான், கொஞ்சம் வெளியே நிற்கிறது, பாவம். அவளுக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, பெயரும் இல்லை. தகப்பன் வந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்று நிலூக்கா ஒரே பிடியில் நிற்கிறாள். சுவாமியார் இரண்டு தரம் வந்து சொல்லிப் பார்த்தார். "அவர் வாறதுக்கு முந்தி வெச்சா, அவர் வர மாட்டார் எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி, ஃபாதர்" என்றாள். நாங்கள் 'பிள்ளை, பிள்ளை' என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி உங்கள் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்காமல் கேளுங்கள். நானும் இப்போது சிரிப்பதில்லை.

வாசிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டுமே. என்னுடைய மனுசன் சவிரிமுத்து கண்டக்குழியில் வலை இழுத்த காலத்தில் மெட்ராஸ் நடிகர் ஒருவர் மேல் பைத்தியமாக இருந்தார். பெயரை எழுதினால் மரியாதையாக இராது, விட்டுவிடுகிறேன். புத்தளத்தில் அவருடைய படம் ஓடினால் இவர் பாலாவி வரைக்கும் உப்பு லொறியில் தொங்கிக்கொண்டாவது போவார். அப்படி ஒருநாள் படம் பார்த்துவிட்டு வந்து நடிகருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டார். அதை எல்லாரும் மறந்து போன பிறகு, எங்களுக்குக் கலியாணமான முதல் நத்தாருக்கு, அக்கரையிலிருந்து ஒரு வாழ்த்து மட்டை வந்தது.

வெளியே மாட்டுத் தொழுவம், குழந்தை யேசு. உள்ளே நடிகர் வெள்ளை உடுப்பில் கை கூப்பிக்கொண்டு நிற்கிறார். கீழே நீல மையில் கையெழுத்து. அந்த வருசம் குடில் பார்க்கக் கோயிலுக்குப் போன சனத்தை விட எங்கள் வீட்டுக்கு வந்த சனம் கூட. நீங்கள் புதுச் சாரம் கட்டிக்கொண்டு வாசலில் நின்று ஒவ்வோர் ஆளாக உள்ளே விட்டீர்கள். மட்டையைத் தொட விடவில்லை.

"நான் வேதக்காரன் எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும் சொல்லு பாப்பம்?" என்று என்னைக் கேட்டீர்கள். "நத்தாருக்கு எண்டு பாத்து அனுப்பியிருக்கிறார்."

"உங்கட பேர் சவிரிமுத்து. பின்ன நோன்புப் பெருநாள் வாழ்த்தா அனுப்புவார்?"

வந்திருந்த சனம் சிரித்தது. உங்களுக்கு முகம் கறுத்துவிட்டது. அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். கையெழுத்தைப் பார்த்து, இது அச்சு, ஆயிரம் பேருக்கு இதையேதான் அனுப்பியிருப்பார்கள் என்றேன். நீங்கள் கையால் போட்டது என்றீர்கள். நான் விரலை நாக்கில் நனைத்து அந்த நீலக் கையெழுத்தின் மேல் அழுத்தித் தேய்த்தேன். மை கலங்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் விளங்கும், கலங்காவிட்டால் அது அச்சு.

"பாத்தியா?" என்றீர்கள் நீங்கள், எல்லாரையும் சுற்றிப் பார்த்துக்கொண்டு. "நல்ல பேனை."

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அந்தச் சொல் நிலைத்துவிட்டது. கூரைத் தகட்டின் ஓட்டையை நீங்கள் தார் பூசி அடைத்து, அது மழைக்கு ஒழுகாமல் நின்றால் 'நல்ல பேனை'. ரொஷான் படிக்காமலே சோதனையில் தப்பினால் 'நல்ல பேனை'. சீனி வருத்தத்தில் புண்ணான காலைக் கழற்ற வேண்டும் என்று சொன்ன டாக்டர், பிறகு ஒரு விரலோடு விட்டபோதும், கட்டிலில் கிடந்துகொண்டு என்னைப் பார்த்து அதைத்தான் சொன்னீர்கள். நானும் ரொஷானும் அன்று அழுதுகொண்டே சிரித்தோம்.

மட்டையைப் புத்தளத்துக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டீர்கள். திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினீர்கள், நான் கழற்றி அலுமாரிப் பக்கம் மாட்டினேன். நத்தார் வந்தால் மட்டும் அதைக் கீழே இறக்கி, வந்த மட்டைகளை எல்லாம் கோர்த்துக் கட்டும் கயிற்றுக்கு நேர் நடுவில் வைப்பீர்கள். இந்தப் பக்கம் என் அக்காவின் மட்டை, அந்தப் பக்கம் ஹாஜியாரின் மட்டை, நடுவில் உங்கள் ஆள்.

இப்போது கயிறு கட்டுகிறவர்கள் குறைவு. வாழ்த்தெல்லாம் போனில் வருகிறது. ஊர்ப் பெரியவர்களின் வாழ்த்துகளில் அவர்களுடைய முகம் இவ்வளவு பெரிதாகவும் குழந்தை யேசு மூலையில் முத்திரை அளவிலும் இருக்கிறது. மட்டையாக இன்றும் அனுப்புகிறவர் நமது அரசியல்வாதி ஒருவர்தான். அவருடையதை நீங்கள் கயிற்றில் கடைசியாகக் கட்டுவீர்கள், காற்றுக்கு விழுந்தாலும் எடுக்க மாட்டீர்கள்.

அந்த மட்டையைத்தான் நான் முதலில் எடுத்துக்கொண்டு போனேன். நம் ஊரில் அப்படித்தானே செய்வோம். கந்தோருக்குப் போனால், எங்களுக்கும் ஆள் இருக்கிறது என்று காட்ட, அவர் அனுப்பிய வாழ்த்தைக் கையில் பிடித்துக்கொண்டு போவது. நானும் நிலூக்காவும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அந்த அரசியல்வாதியின் அலுவலகத்துக்கே போனோம். வாசலில் பார்த்தால் வந்தவர்கள் எல்லாரின் கையிலும் அதே மட்டை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அதை மடியில் கவிழ்த்து வைத்தோம். உள்ளே நன்றாகத்தான் கதைத்தார்கள். பெயரைக் கேட்டார்கள், எழுதினார்கள், பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். எழும்பும்போது, நத்தார் கிட்ட வருகிறது என்று சொல்லி இந்த வருசத்து மட்டையையும் கையோடு தந்துவிட்டார்கள்.

கொழும்புக்கும் போனோம். அங்கேயும் பொறுமைதான் சொன்னார்கள். பொறுமை, பொறுமை என்று கேட்டுக் கேட்டு, இப்போது யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் எனக்கு அடிக்கக் கை வருகிறது. எனக்கு உடம்பில் பொறுமை இல்லை, இஞ்சாருங்க. என்னுடைய பிள்ளையைத் தா என்று தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருக்கிறது. யாருக்குக் கேட்கும்? வீட்டுக்குப் பின்னால் இப்போது மீன் வாடிகளை விடச் சுற்றுலா விடுதிதான் கூட. வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீருக்கு மேலால் பறக்கிறார்கள். நான் அதே கரையில் நின்று அக்கரையைப் பார்க்கிறேன். நிலூக்கா அந்த விடுதியில்தான் அறை கூட்டுகிறாள்.

ரொஷானை எப்போதாவது போன் எடுக்க விடுவார்கள். எடுத்தால் கொஞ்ச நேரம்தான், பின்னால் ஆட்களின் சத்தம் கேட்கும். போன தரம் எடுத்தபோது, பிள்ளை எப்படி, அழுகிறாளா என்று கேட்டான். போனைப் பிள்ளையின் வாயடியில் பிடித்தோம். அன்று பார்த்து அவள் ஒரு சத்தமும் போடவில்லை. பிறகு அவன் என்னைக் கேட்டான்:

"அம்மா, அப்பாட ஆளுக்கு ஒருக்காச் சொல்லிப் பாத்தா என்ன?"

நான் சிரித்தேன். உங்களை வைத்துப் பகிடி பண்ணுவது எனக்கும் அவனுக்கும் பழக்கம்தானே. அவனும் சிரிப்பான் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அவர் இஞ்ச இப்பவும் பெரிய ஆளம்மா. அவர் ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்கள் எண்டு இஞ்ச உள்ள ஆக்களும் சொல்லுறாங்கள்."

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அந்த மட்டை அச்சு என்று என்னோடு சேர்ந்து சிரித்து வளர்ந்த பிள்ளை அவன். அவனே அதைப் பிடித்துத் தொங்குகிறான் என்றால் உள்ளே அவனுக்கு வேறு பிடிமானம் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்?

நிலூக்காவுக்கு இது புதிதாகவே தெரியவில்லை. "நான் எப்பவோ கேக்க நெனச்சன், அம்மா" என்றாள். "அவர் அப்பாட யாளுவா, கூட்டாளிதானே? அப்பா சொல்லியிருக்கார், ஒவ்வொரு நத்தாருக்கும் தன்னை நெனப்பார் எண்டு." அவளிடம் கூட இந்தக் கதையை அளந்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். நீங்கள் கட்டிலில் கிடந்த நாட்களில் பக்கத்தில் இருந்து கேட்டவள் அவள் ஒருத்திதான். ஒரு சொல்லை விடாமல் நம்பியிருக்கிறாள்.

அவருக்குக் கடிதம் எழுத இருந்தேன். என்னை அவருக்குத் தெரியாது, உங்களைத்தான் தெரியும் என்று நிலூக்கா சொன்னாள். அதனால் உங்கள் பெயரில் எழுதினேன். 'அன்பின் ஐயா, நீங்கள் நத்தார் வாழ்த்து அனுப்பிய கண்டக்குழி சவிரிமுத்து எழுதுவது. என் மகன் உங்கள் ஊரில் மறியலில் இருக்கிறான். அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது.' உங்களைப் போலக் கொக்கி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். செத்த மனுசன் கையெழுத்து வைக்கலாமா என்று யோசித்தேன். உயிரோடு இருக்கிற நாங்கள் மனுக்களில் வைத்த கையெழுத்துகளால் என்ன நடந்தது?

சட்டத்தைக் கழற்றி, பழைய மட்டையைப் போனில் படம் பிடித்து, அதையும் கடையில் பிரதி அடித்து எடுத்து உள்ளே வைத்தோம். விலாசம் பழைய உறையில் இருந்ததுதான். கல்பிட்டித் தபாற்கந்தோரில் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, இது எந்தக் காலத்து விலாசம்? போய்ச் சேருமா தெரியா" என்றார். சேரும், எங்கட ஆள்தான் என்று என் வாய் சொன்னது. உங்கள் வாயல்லவா அது? எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

பிறகு காத்திருந்தோம். தபால்காரரின் சைக்கிள் சத்தத்துக்கு நான் உலையை விட்டுவிட்டு ஓடினேன். படகில் போன மற்றப் பொடியன்களின் பெண்சாதிமாருக்கு நிலூக்கா சொல்லிவிட்டாள். அவர்களும் ஒவ்வொருவராக வந்து, பதில் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் இல்லை என்று சொல்லும்போதெல்லாம், வரும் என்று அவர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

வந்தது. போன கிழமை வந்தது.

உறையில் 'திரு. சவிரிமுத்து' என்று இருந்தது. நிலூக்கா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஓடி வந்தாள். நான் உறையை உடைத்தேன். மாட்டுத் தொழுவம், குழந்தை யேசு. உள்ளே உங்கள் ஆள். தலை நரைத்துப் போயிற்று. கன்னம் ஒட்டியிருக்கிறது, உங்களுக்குக் கடைசியில் இருந்த மாதிரி. அதே கை கூப்பு. 'தங்களுக்கும் தங்கள் குடும்பத்தினருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்.' கீழே நீல மையில் கையெழுத்து.

அவ்வளவுதான். மறுபக்கம் திருப்பினேன். உறையைக் கிழித்து உள்பக்கத்தையும் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரொஷானைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எங்கள் கடிதத்தை ஒருவர் பிரித்திருக்கிறார், பெயரையும் விலாசத்தையும் பார்த்திருக்கிறார், அச்சடித்த கட்டுக்குள் இருந்து ஒரு மட்டையை எடுத்து அனுப்பியிருக்கிறார்.

"அம்மா, என்ன எழுதியிருக்கார்?"

அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். படலைக்கு வெளியே ஒரு பொடியனின் பெண்சாதி வந்து நிற்கிறாள். எங்கே போய் ஒளிவேன்? ஒன்றும் செய்யத் தோன்றாமல், அன்று போலவே விரலை நாக்கில் நனைத்தேன். கையெழுத்தின் மேல் வைத்தேன். கலங்கிவிடு, ஒரு சொட்டாவது கலங்கிவிடு என்று கேட்டுக்கொண்டு தேய்த்தேன். ஒரு மனுசன் இதைக் கையில் எடுத்தான், பேனை பிடித்தான், நம்முடைய பெயரை ஒரு கணம் நினைத்தான் என்று அது எனக்குச் சொன்னால் போதும். அன்று உங்களைத் தோற்கடிக்கத் தேய்த்தேன். இன்று நான் தோற்க வேண்டும் என்று தேய்த்தேன்.

கலங்கவில்லை.

"அம்மா? கையாலயா போட்டிருக்கார்?"

"ஓம், மகள்" என்றேன். "நல்ல பேனை."

அவள் பிள்ளையின் நெற்றியில் அந்த மட்டையைத் தொட்டு எடுத்தாள். அப்போது நான் பின்பக்கம் போய்க் கிணற்றடியில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் செத்த அன்று கூட அப்படி அழவில்லை.

மட்டை இப்போது கயிற்றுக்கு நடுவில் தொங்குகிறது. பெண்சாதிமார் வந்து பார்க்கிறார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். நான் வாசலில் நின்று ஒவ்வோர் ஆளாக உள்ளே விடுகிறேன். தொட விடுவதில்லை. யாராவது விரலை நனைத்துவிடுவார்களோ என்று பயம்.

இப்போதுதான் ஒன்று கேட்க வேண்டும் போல இருக்கிறது. அன்று உங்களுக்கும் தெரிந்துதான் இருந்ததா? சனத்துக்கு முன்னால் வேறு வழியில்லாமல்தான் அப்படிச் சொன்னீர்களா? பிறகு இவ்வளவு காலமும் என்னோடு சிரித்துக்கொண்டு அதைத் தனியாகவா சுமந்தீர்கள்? இல்லை, உண்மையிலேயே நம்பினீர்களா? நம்பியிருந்தால் எப்படி நம்புவது என்று எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாருங்கள். என்னால் பொய்தான் சொல்ல முடிகிறது.

அடுத்த தவணை நத்தாருக்குப் பிறகு என்கிறார்கள். அதற்குள் அவருக்கு இன்னொரு கடிதம் எழுதுவேன், உங்கள் பெயரில்தான். பதிலுக்குப் புது வருச வாழ்த்து வந்தால் அதையும் கட்டுவேன், திரும்பவும் எழுதுவேன். நீங்கள் செத்த செய்தியை அக்கரைக்கு நான் அறிவிக்க மாட்டேன். ரொஷான் இந்தப் படலையைத் திறந்து வந்து தன்னுடைய பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாள் வரைக்கும் நீங்கள் அங்கே உயிரோடு இருக்க வேண்டும். வந்த பிறகு உங்களை ஆறுதலாகச் சாக விடுகிறேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மனுசி,
ரொஷானின் அம்மா, இன்னும் பெயர் வைக்காத பிள்ளையின் அப்பம்மா